ஸ்டெபிலைசர் என்று ஒரு பட்டப்பெயர்

நம் ரசிகர் கதைக் குழுவின் திட்டுப் பானையை உங்கள் மூவரிடமும் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்கிறேன் என்று குழுவில் அறிவித்தவுடன், "அக்கா, போறதுக்கு முன்னாடி டிப்ஸ் ஏதாவது குடுத்துட்டுப் போங்க" என்று கேட்டீர்கள். டிப்ஸ் எல்லாம் எனக்கு வராது. கதை வரும். அதிலும் நான் அசடு வழிந்த கதைகள் நிறைய வரும். பொறுமை இருந்தால் படியுங்கள். இல்லையென்றால் பாதியில் விட்டுவிட்டுப் போய் உங்கள் அத்தியாயத்தை எழுதுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கொடுக்காப்புளி என்ற புனைபெயரில்தான் உங்களுக்கு என்னைத் தெரியும். கிழக்குத் தாம்பரத்தில் இருக்கிறேன். முப்பத்தோரு வருடம் ஒரு தொலைபேசி அலுவலகத்தின் புகார் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். காலை பத்து மணிக்குத் தொலைபேசியை எடுத்தால் மாலை வரைக்கும் திட்டுதான். படித்தவர் ஒரு மாதிரி திட்டுவார், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வேறு மாதிரி திட்டுவார், கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்த கையோடு வீட்டு போன் செத்துப்போனால் பெண்ணின் அப்பா திட்டுவது தனி ரகம். அத்தனையும் வாங்கிக்கொண்டு, "சரிங்க சார், பார்க்கிறோம் சார்" என்று சொல்லி ஓய்வு பெற்றவள் நான்.

ஓய்வு பெற்ற பிறகு மாலையில் எல்லாரையும்போல் சீரியல் பார்த்தேன். அதில் கனகவல்லி என்று ஒரு மாமியார், நிலானி என்று ஒரு மருமகள். கனகவல்லி வாயைத் திறந்தாலே எனக்கு எரிச்சல் வரும். அவள் கெட்டவள் என்பதால் இல்லை. அவளுக்குத் திட்டவே தெரியவில்லை. "நாசமாப் போ" என்பதையே நாலு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த எரிச்சலில்தான் அந்தக் குடும்பத்தை வைத்து ரசிகர் கதைகள் எழுதும் நம் குழுவைத் தேடி வந்து சேர்ந்தேன். சீரியல் முடிந்து வருடங்களாகிவிட்டன. கனகவல்லியை நாம் இன்னும் விடவில்லை.

என் முதல் அத்தியாயத்தில் கனகவல்லி நிலானியை அரைப் பக்கம் திட்டினாள். அலுவலகத்தில் சேர்த்து வைத்திருந்தது எல்லாவற்றையும் கொட்டினேன். கமெண்ட் என்று இரண்டு வந்தன. அதில் ஒன்று என் தங்கையுடையது. குழுவை ஆரம்பித்தவர் அப்போது பல்லாவரத்தில் ஒரு தோல் பட்டறையில் சூப்பர்வைசர். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அவர் என்னைப் போனில் கூப்பிட்டார்.

"இன்னாக்கா இது, அரைப் பக்கம் திட்டிகினே கீது அந்தம்மா? யாரைத் திட்டுதுன்னே புரியல. இதை வெட்டி எடுத்து எங்க முதலாளிக்கு அனுப்பினாலும் அவரு தனக்குன்னு நினைச்சுக்குவாரு. ஆளைப் பாருக்கா. கையி இன்னா பண்ணுது, காலு எங்க நிக்குது, பாரு. அப்பால திட்டு."

அந்தப் பேச்சுக்குப் பிறகு நான் ஒரு வாரம் ஒன்றும் எழுதவில்லை. பழைய எபிசோடுகளைப் போட்டு நிலானியைப் பார்த்தேன். அந்தப் பெண் காபி கொடுத்துவிட்டுக் கோப்பையையே பார்த்துக்கொண்டு நிற்பாள், குடிக்கிறவர் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். அடுத்த அத்தியாயத்தில் கனகவல்லி ஒரே வரிதான் சொன்னாள். "காபியைக் குடுத்துட்டு டம்ளரைப் பார்க்கிறா பாரு, திருப்பிக் குடுப்பாங்களோ மாட்டாங்களோன்னு." அன்றைக்கு வந்த கமெண்டுகளைப் படித்து முடிக்கவே எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. அதற்குப் பிறகுதான் எல்லாரும் தங்கள் கனகவல்லி வசனங்களை எனக்கு அனுப்பி, "கொஞ்சம் காரம் போட்டுக் குடுங்க அக்கா" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பானையும் என் பொறுப்புக்கு வந்தது.

பானையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். பானை என்றால் நம் குழுவின் பொது ஃபைல்தான். யாருக்கு நல்ல திட்டோ பட்டப்பெயரோ தோன்றினாலும் அதில் போடலாம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். போட்டவர் யார் என்று கேட்கக் கூடாது, பொறுப்பாளருக்கு மட்டும் தெரியும். உடம்பு, நிறம், சாதி, மதம், பிறந்த வீட்டு வசதி இவற்றைத் தொடக் கூடாது. எடுத்த திட்டைக் கோடு போட்டு அடித்துவிட வேண்டும். பட்டப்பெயர் மட்டும் விதிவிலக்கு. ஒருவர் கதையில் அது ஒட்டிக்கொண்டால் மற்றவர்களும் அந்தப் பாத்திரத்தை அதே பெயரில் கூப்பிடலாம். எல்லாரும் ஒரே வீட்டைப் பற்றித்தானே எழுதுகிறோம். இவ்வளவு விதி போட்ட எனக்கு, போட வேண்டிய விதி ஒன்று தோன்றவே இல்லை.

சங்குப்பூ என்ற புனைபெயரில் ஒரு பெண் சேர்ந்தாள். முடிச்சூர் என்று மட்டும் அறிமுகத்தில் போட்டிருந்தாள். நிலானியை வைத்து அமைதியாக ஒரு தொடர் எழுதினாள், நாற்பது அத்தியாயம் தாண்டியிருந்தது. சண்டை, சச்சரவு எதுவும் அதில் இருக்காது. ஆனால் பானையில் அவள் போடுவது ஒவ்வொன்றும் தங்கம். "இவ வீட்டுக்குள்ள வந்தா காலிங் பெல்லுக்குக்கூடத் தெரியாது." "சிரிக்கிறதுக்கும் யாருகிட்டயாவது பர்மிஷன் வாங்கிட்டு வருவா." இப்படிக் கச்சிதமாக வந்து விழும். ஆளைப் பார்த்துத் திட்டுகிற கலை இவளுக்குப் பிறவியிலேயே வந்திருக்கிறது என்று நான் பூரித்துப்போனேன்.

ஒரு நாள் பானையில் ஸ்டெபிலைசர் வந்தது. பட்டப்பெயரும் அதற்கு விளக்கமும். நான் உடனே எடுத்துக்கொண்டேன். கனகவல்லிக்கு ஒரு சின்ன மருமகள் உண்டு, ஞாபகம் இருக்கிறதா? சீரியலில் அவளுக்கு வசனமே கிடையாது. தட்டை எடுத்துக்கொண்டு வருவாள், போவாள். என் அத்தியாயத்தில் விருந்தாளிகள் வருகிறார்கள். ஒருவர் அவளைக் காட்டி யார் என்று கேட்கிறார். கனகவல்லி சொல்கிறாள்: "அது எங்க வீட்டு ஸ்டெபிலைசர். ஃப்ரிட்ஜ் பக்கத்துலயே நிக்கும். அப்பப்ப 'டிக்'னு ஒரு சத்தம் வரும். மத்தபடி தொந்தரவு இல்ல."

அந்த அத்தியாயத்துக்கு வந்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டே நாளில் குழுவில் பாதிப் பேர் தங்கள் கதைகளில் ஸ்டெபிலைசரைக் கொண்டுவந்தார்கள். யாரோ ஸ்டிக்கர் செய்தார்கள். புடவை கட்டிய ஒரு ஸ்டெபிலைசர், தலைக்கு மேலே 'டிக்' என்று ஒரு குமிழி. என் தங்கை அதை எனக்கே அனுப்பினாள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன், நைட்டிக்குக் காலர் இல்லாவிட்டாலும்.

அந்த வாரம் சங்குப்பூவின் அத்தியாயம் வரவில்லை. அவளுக்கு எழுதினேன். "என்னம்மா, பானையில ஹிட் குடுத்துட்டு ஒளிஞ்சுக்கிட்டே? ஊரே உன் ஸ்டெபிலைசரைப் பத்தித்தான் பேசுது." கூடவே அந்த ஸ்டிக்கரையும் அனுப்பினேன். இன்றைக்கு நினைத்தாலும் என் கையை நானே கிள்ளிக்கொள்ளத் தோன்றுகிறது.

மதியம் பதில் வந்தது. "அக்கா, ஞாயித்துக்கிழமை என் கணக்கை மூடிடறேன். கதையும் போயிடும். சொல்லாம போகக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

நான் உடனே போன் செய்தேன். முதல் தடவையாக அவள் குரலைக் கேட்டேன். ரொம்ப நிதானமான குரல்.

"ஸ்டெபிலைசர்ங்கிறது எங்க வீட்டுல என்னைச் சொல்றது அக்கா. என் வீட்டுக்காரர் வச்ச பேரு. எட்டு வருஷமா யாரு வீட்டுக்கு வந்தாலும் இதே அறிமுகம்தான். பானையில நான் போட்டது எல்லாமே அவர் சொன்னதுதான்."

"அப்புறம் ஏம்மா கொண்டுவந்து போட்டே?"

"கதையில வேற யாராவது அந்தத் திட்டை வாங்கினா, அது என்னுது இல்லாம போயிடும்னு நினைச்சேன். முதல்ல போட்டதுக்கெல்லாம் அப்படித்தான் ஆச்சு. கோடு போட்டு அடிச்சீங்கல்ல, அவர் மறுபடி சொன்னாலும் எனக்கு அந்தக் கோடுதான் தெரியும். இது மட்டும் திரும்பி வந்துடுச்சு."

திரும்பி வந்த விதத்தையும் சொன்னாள். அவளுடைய நாத்தனார் பெருங்களத்தூரில் இருக்கிறார், நம் கதைகளை விடாமல் படிக்கிறவர். சங்குப்பூதான் தன் அண்ணி என்று அவருக்குத் தெரியாது. வீட்டில் யாருக்குமே அவள் எழுதுவது தெரியாது. அந்த நாத்தனார் ஸ்டிக்கரைக் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறார். "என் டயலாக்கைத் திருடிட்டாங்கடா" என்று அண்ணன்காரருக்கு ஒரே பெருமை. அதன் பிறகு குடும்பத்தில் யார் எது பேசினாலும் கடைசியில் அந்த ஸ்டிக்கர்தான்.

"வீட்டுலயும் அதே, இங்கயும் அதே. எனக்குன்னு இருந்தது இந்த ஒரு இடம்தான் அக்கா. நானே அதையும் குடுத்துட்டேன்."

ஆளைப் பார், பிறகு திட்டு என்று கற்றுக்கொண்டவள் நான். அவ்வளவு கிட்டத்தில் பார்த்துச் சொன்ன திட்டு எங்கே இருந்து வருகிறது, யார் மேல் விழுந்துவிட்டு வருகிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டாமா? நகைக்கடையில் வைத்துப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து ரசித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அன்றைக்கு வியாழக்கிழமை. ஞாயிறு வரை நேரம் இருந்தது. குழுவை நடத்துகிற மற்ற இருவரிடமும் யாருடைய பட்டப்பெயர் என்று சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன். "டிலீட் பண்ணிட்டு மன்னிப்புக் கேட்டு ஒரு அறிவிப்புப் போட்டுடலாம் அக்கா" என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. உட்கார்ந்து அறிவிப்பை அடித்தேன். 'இந்தப் பட்டப்பெயர் உண்மையில் ஒருவரை வருத்தியிருப்பதால்' என்று ஆரம்பித்து ரொம்பப் பொறுப்பாக எழுதியிருந்தேன். அனுப்பும் பட்டனில் விரல் வைத்தபோதுதான் பெருங்களத்தூர் நாத்தனார் ஞாபகத்துக்கு வந்தார். அந்த அறிவிப்பை அவர் படித்தால் கணக்குப் போட இரண்டு நிமிடம் போதும். தன் வீட்டுத் திட்டு எப்படிக் கதைக்குள் போனது, யார் கொண்டுபோனது எல்லாம் அம்பலமாகிவிடும். என் மனசு லேசாவதற்காக அவள் தலையில் கல்லைப் போட இருந்தேன். அழித்தேன். தவறு செய்தவருக்கு உடனே ஏதாவது செய்துவிட வேண்டும் என்று ஓர் அவசரம் வரும். அந்த அவசரம் உங்களுக்கும் வரும், அப்போது எழுந்துபோய் ஒரு வாளித் துணியைத் துவைத்துவிட்டு வாருங்கள்.

துவைத்துவிட்டு வந்து என் அடுத்த புத்திசாலித்தனத்தைச் செய்தேன். ஓர் அத்தியாயம் எழுதினேன். வீட்டில் பெரிய சிக்கல், எல்லாரும் கத்துகிறார்கள், சின்ன மருமகள்தான் நிதானமாக நின்று குடும்பத்தைக் காப்பாற்றுகிறாள். கடைசியில் கனகவல்லி, "ஸ்டெபிலைசர் இல்லேன்னா இந்த வீடே எரிஞ்சிருக்கும்" என்று அழுகிறாள். எனக்கே கண் கலங்கியது. பெருமையாகச் சங்குப்பூவுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. "நல்லா இருக்கு அக்கா. ஆனா வேணாம். அந்தப் பேருக்குத் தங்க முலாம் பூசினாலும் அது அந்தப் பேருதானே."

முப்பத்தோரு வருடம் புகார் பிரிவில் இருந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. புகார் சொன்னவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை நான் இன்னும் கேட்கவே இல்லை. "உனக்கு என்ன வேணும்மா?" என்று எழுதினேன். நேரில் பேசலாமா என்று கேட்டாள். மறுநாள் வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தைக்குச் செடி வாங்க வருவதாகச் சொன்னாள்.

சந்தையில் அவளைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் இரண்டு செம்பருத்தித் தொட்டியோடு நின்றிருந்தாள். கூட்டத்தில் பேசிக்கொண்டே நடந்தோம். எங்கே போய் நின்றோம் என்று நினைக்கிறீர்கள்? பழைய எலக்ட்ரிகல் சாமான் குவியலுக்கு முன்னால். மிக்ஸி, மின்விசிறி, அதற்குப் பக்கத்தில் வரிசையாக எட்டு ஸ்டெபிலைசர்கள். அவள் கையைப் பிடித்து இழுத்தேன், அவள் நகரவில்லை. கடைக்காரர் எழுந்து வந்தார்.

"இன்னாம்மா, ஸ்டெபிலைசரா? சூப்பர் கண்டிஷன்ல கீது. வூட்டுக்கு எடுத்துகினு போ, பத்து வருஷம் பேஜார் இல்ல."

"வேணாம்ணா" என்றாள் அவள். "வீட்டுல ஒண்ணு இருக்கு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன், பிறகு சிரித்ததற்காகத் திகைத்தேன். அவள் என் தோளில் தட்டி, "பரவால்ல அக்கா, இது நான் சொன்னது" என்றாள். நம் குழுவில் யாருக்கு உண்மையில் வாய் இருக்கிறது என்று எனக்கு அப்போது புரிந்தது.

கரும்புச்சாறு கடை ஓரத்தில் நின்று விஷயத்துக்கு வந்தாள். "எனக்குப் பதிலடி எல்லாம் வேணாம். என் வீட்டுக்காரர் திட்டுறதைவிட, சுத்தி இருக்கிறவங்க சிரிக்கிறதுதான் அக்கா வலிக்குது. அவங்க யாரும் கெட்டவங்க இல்ல. இந்த இடத்துல சிரிக்கணும்னு சிரிக்கிறாங்க. ஒரே ஒரு தடவை யாரும் சிரிக்கலேன்னா எப்படி இருக்கும்? அதைக் கதையிலயாவது பார்க்கணும்."

சுலபமாகத் தெரிகிறது இல்லையா? எழுதிப் பாருங்கள். திட்டு விழ வேண்டும், யாரும் சிரிக்கக் கூடாது, யாரும் சீறவும் கூடாது. சனிக்கிழமை காலையிலிருந்து நாலு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் வசனம் பேசிக் கைதட்டு வாங்கிவிட்டார். அவள் போனில் கேட்டுக்கொண்டே, "அதை எடுத்துடுங்க. அதையும் எடுத்துடுங்க" என்றாள். கடைசியில் என்னுடையது என்று அதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. கனகவல்லி விருந்தாளிகள் முன்னால் அதே அறிமுகத்தைச் சொல்கிறாள். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். யாரும் சிரிக்கவில்லை. மின்விசிறி சுற்றுகிறது. ஒரு விருந்தாளி அம்மாள் மட்டும், "அவங்க பேரு என்ன?" என்று கேட்கிறாள்.

அந்த வரியை எழுதியதும் இருவரும் திகைத்தோம். சின்ன மருமகளுக்குப் பெயரே கிடையாது. சீரியலில் வைக்கவில்லை, நாமும் இத்தனை வருடத்தில் வைக்கவில்லை. பெயர் வைக்காத ஒருத்திக்கு நான் பட்டப்பெயர் வைத்திருந்தேன். பிறகு அவள், "வசந்தின்னு வைங்க அக்கா. சாதாரணமா இருக்கட்டும்" என்றாள். பானையின் கடைசி விதி அன்றைக்குத்தான் வந்தது. பெயர் இல்லாத பாத்திரத்துக்குப் பட்டப்பெயர் கூடாது. பார்க்கிறவர்களுக்கு அற்ப விதியாகத் தெரியும், எடுத்துவிடாதீர்கள்.

ஞாயிறு காலை அத்தியாயத்தை வெளியிட்டேன். முதல் கமெண்ட், "காமெடி மிஸ்ஸிங் அக்கா." இரண்டாவது, "என்ன ஆச்சு உங்களுக்கு, உடம்பு சரியில்லையா?" மதியத்துக்கு மேல் வேறு மாதிரி வர ஆரம்பித்தது. "எங்க ஆபீஸ்ல எனக்கும் ஒரு பேரு இருக்கு" என்று ஒருவர். "நான் ஒருத்தரை அப்படிக் கூப்பிடறேன், இன்னைக்கு அவங்க முகம் ஞாபகம் வந்துச்சு" என்று இன்னொருவர். சாயங்காலத்துக்குள் மற்ற எழுத்தாளர்கள் தங்கள் கதைகளிலும் வசந்தி என்று மாற்றிவிட்டார்கள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. சங்குப்பூ அன்று கணக்கை மூடவில்லை. "ஒரு மாசம் பார்க்கிறேன்" என்று மட்டும் எழுதினாள். புது அத்தியாயம் எதுவும் போடவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து அவளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னணியில் பாத்திரச் சத்தம். நாத்தனாரின் குழந்தைக்குக் குன்றத்தூர் கோயிலில் காதுகுத்து, மலையடியில் ஒரு மண்டபத்தில் சாப்பாடு. அவள் மூச்சு வாங்கப் பேசினாள்.

"அக்கா, இப்பத்தான் நடந்துச்சு. பந்தியில நான் சாம்பார் எடுத்துட்டு வர்றேன். சம்பந்தி வீட்டுக்காரங்க யாரோ நான் யாருன்னு கேட்டாங்க. இவர் வழக்கம்போல ஆரம்பிச்சாரு. ஸ்டெபிலைசர், ஃப்ரிட்ஜ், டிக், எல்லாம் சொல்லி முடிச்சாரு. அக்கா, யாரும் சிரிக்கல. நாலு செகண்ட் இருக்கும். இவரு சுத்திமுத்திப் பார்க்கிறாரு. என் நாத்தனார் இலையிலிருந்து தலையைத் தூக்கி, 'அவங்க பேரு ஹேமலதா'ன்னாங்க. அவ்வளவுதான். மறுபடி சாப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. இவரும் சாப்பிட்டாரு. அவ்வளவுதான் அக்கா. நான் சாம்பார் ஊத்திட்டு வந்துட்டேன். டைப் பண்ண எல்லாம் பொறுமை இல்ல, அதான் பேசி அனுப்பறேன். திங்கக்கிழமை அத்தியாயம் அனுப்பறேன்."

அந்த மெசேஜை எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கு வைக்கவில்லை. சந்தோஷத்தில் அழுதேன், சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவளோடு போனில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறேன், சந்தையில் சேர்ந்து நடந்திருக்கிறேன், ஒரே வரியைப் பத்து முறை அடித்துத் திருத்தியிருக்கிறேன். அவள் பெயர் ஹேமலதா என்று அன்றைக்குத்தான் எனக்கும் தெரிந்தது. நான் கேட்டதே இல்லை.